கணினிச் சதுரங்கமும் தடைக் கணிப்பும்

பதுளைப் பகுதித் தோட்டங்களிலே பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்துச் செக்ரோலிற் பதியும் வழக்கம் பழமையானது. வந்தவர்க்குப் பேர் விழும், வராதவர்க்கு விழாது. கணினிச் சதுரங்கத்தின் அடிப்படையும் இத்தகையதொரு பதிவேடே. 64 கட்டங்களுக்கு 64 இலக்கங்கள். காய் நிற்குமிடத்தில் 1, வெற்றிடத்தில் 0. அரைப்பேருக்கு அங்கே இடமில்லை.

1974 இல் ஸ்ரொக்ஹோமில் நடந்த முதலாவது உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் வென்ற மொஸ்கோவின் 'கைசா' இம்முறையைக் கையாண்டது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தாரும் இதனையே நாடினர். அவர்களது இயந்திரம் ஒருங்கே கையாண்டவை 60 இலக்கங்களே. பலகையில் நான்கு கட்டங்கள் மிஞ்சின!

குதிரையின் பாய்ச்சலை எந்தக் காயும் மறிப்பதில்லை. ஆதலின் அதற்கு நிலையான அட்டவணை போதும். கோட்டை, மந்திரி, இராணி ஆகியன அவ்வாறல்ல. அவற்றின் வீச்சு பிற காய்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கட்டங் கட்டமாகச் சென்று பார்ப்பதோ காலத்தை விழுங்கும்.

இங்கே கைகொடுப்பது பள்ளிக்கூடத்துக் கழித்தலே. ஒரு வரிசையின் எட்டுக் கட்டங்களுக்கும் முறையே 1, 2, 4, 8 என 128 வரை மதிப்பிடுவோம். முதற் கட்டத்திற் கோட்டையும் ஆறாவதில் வேறொரு காயும் நின்றால் கூட்டுத்தொகை 33. கோட்டையின் மதிப்பை இருமடங்காக்கி, அந்த 2 ஐக் கழித்தால் 31. கடன் கேட்டு நகரும் கழித்தல் வெற்றிடங்களைத் தாண்டி, முதலில் எதிர்ப்படும் காயிடம் கடன் பெற்று நிற்கிறது. மாறிய இலக்கங்கள் இரண்டு முதல் ஆறு வரை. அதுவே கோட்டையின் வீச்சு. எதிர்த்திசைக்கு இலக்கங்களைத் தலைகீழாக்கியே கழிக்க வேண்டும்.

1990களில் ரொபேர்ட் ஹயாட் தமது 'கிராஃப்டி' நிரலில் வேறு வழி கண்டார். நேர்ப்பலகையோடு 90 பாகையும், இருபுறம் 45 பாகையும் திருப்பிய பதிவேடுகளையும் அவர் பேணினார். ஒவ்வொரு நகர்வுக்கும் நான்கையும் திருத்தும் சுமை இதன் குறை.

பின்வந்த முறை துணிகரமானது. மூலைக் கோட்டைக்குப் பொருட்படுத்த வேண்டிய தடைக்கட்டங்கள் 12. தடைகள் அமையக்கூடிய வகைகள் 4096. அனைத்துக்கும் விடைகளை முன்னரே கணித்து வைக்கலாம். உரிய விடையைத் தேடியெடுப்பதே சிக்கல். சிதறிய தடை இலக்கங்களைத் தக்கதொரு பேரெண்ணாற் பெருக்க, அவை ஓரிடத்தில் திரண்டு அட்டவணையின் இலக்கத்தைத் தருகின்றன. 2007 இல் பிரத்யும்ன கண்ணன் எழுதிய கட்டுரை இதனை விளக்குகிறது. இவ்வெண்கள் பெரும்பாலும் எழுமாற்றாக எண்களை எடுத்துச் சோதித்தே கண்டுபிடிக்கப்பட்டன. தர்க்கத்தின் சிகரமெனப் போற்றப்படும் ஆட்டத்துக்கு இது விந்தையான அத்திவாரந்தான்.

2013 இல் இன்டெல் நிறுவனத்தின் புதிய செயலிகள், இலக்கங்களைத் திரட்டும் பணியை ஒரே கட்டளையில் முடித்தன. அக்கட்டளை இல்லாத கணினிகளில் அந்த மாய எண்களே இன்றும் பெருக்கப்படுகின்றன.