தீர்த்துவிட்ட பத்திரமும் தீராத மணமும்: விளாத்திகுளம் வட்டார மணவிலக்கு குறித்து

விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் கிராமங்களில் கணவன் மனைவி பிரிவதென்றால், வக்கீலுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களைத்தான் பலரும் தேடுகிறார்கள். நகையும் சீர்ப் பாத்திரமும் திரும்புகின்றன, ஒரு தொகை கைமாறுகிறது, முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். 'தீர்த்துவிட்டாச்சு' என்கிறது ஊர். இந்தப் பத்திரம் சட்டப்படி செல்லாது என்பது பலரும் சொல்வது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று இதில் உண்டு: மணத்தை முறிக்க வலுவில்லாத அந்தத் தாள், மனைவியின் ஜீவனாம்சத்தை முறித்துவிடக்கூடும்.

வழக்காற்று மணவிலக்கை அரசு ஒழித்துவிடவில்லை. கள்ளரிடையே சாதியார் முன்னிலையில் துரும்பு கொடுத்து மனைவியை விலக்கும் முறையை இனவரைவியலாளர் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்தார். மணச் செலவைத் திருப்பிக் கொடுத்து இருவரும் இசைந்து பிரியும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு எதுவுமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 1894இலேயே ஏற்றது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் 29(2) பிரிவில் அவ்வழக்கங்களைக் காத்தது. ஆனால் வழக்கம் உண்டென்று சொல்பவரே அதன் பழமையையும் தொடர்ச்சியையும் நிரூபிக்க வேண்டும். யமனாஜி வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற சுப்பிரமணி – சந்திரலேகா வழக்கிலும் அதுவே நிலைப்பாடு. பத்திரம் எழுதிய பெரியவர்கள் இருபது ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏற உயிரோடு இருக்க வேண்டுமே!

நிரூபணம் தோற்றால் முதல் மணம் நீடிக்கிறது. பத்திரத்தை நம்பிச் செய்த மறுமணம் செல்லாததாகிறது. குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் இரண்டாம் மனைவிக்கு அது தெரியவருகிறது.

முதல் மனைவியின் நிலை இன்னும் விசித்திரமானது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144(4) பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125(4), இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. 'மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர் மீது ஒருவருக்குப் பாத்தியதை இல்லை' என்ற பத்திர வாசகம் கணவன் தரப்புக்குக் கைமேல் கிடைத்த சான்று. ஆனால் பரஸ்பர சம்மதத்தின் பேரில் நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்றவளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று வனமாலா வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுமணம் செய்யும்வரை அவள் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆக, நீதிமன்றப் படியேறி மனைவி என்ற பெயரை இழந்தவளுக்குக் கிடைக்கும் உரிமை, சட்டப்படி இன்னும் மனைவியாகவே இருப்பவளுக்குக் கிடைக்காமல் போகிறது.

வேம்பாறு போன்ற கடற்கரை ஊர்களின் கத்தோலிக்கர் நிலையும் இதற்கு அயலானதல்ல. திருச்சபைத் தீர்ப்பாயம் மணத்தை ரத்து செய்தாலும் உரிமையியல் சட்டத்தில் மணம் முடிவதில்லை என்பது மோலி ஜோசப் வழக்கின் (1996) முடிவு. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 2001இல் சேர்ந்த 10அ பிரிவே அவர்களுக்குச் சம்மத விவாகரத்தின் வழி.

நீதிமன்றம் என்றால் அலைச்சல், செலவு, காலதாமதம் என்ற ஊர்க்காரர் பேச்சு பொய்யல்ல, முழு உண்மையுமல்ல. திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு விளாத்திகுளம் திரும்பிய பெண், இந்து திருமணச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பின், தான் குடியிருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே விவாகரத்து மனு போடலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, வருமானம் எதுவானாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் இந்து திருமணச் சட்டத்தின் 13ஆ பிரிவில் கூட்டாக மனு செய்யலாம். அதன்பின் வரும் ஆறு மாதக் காத்திருப்பைக்கூட நீதிமன்றம் தளர்த்தலாம் என்றது அமர்தீப் சிங் வழக்கு (2017). அதற்கு அது விதித்த நிபந்தனைகளில் ஒன்று, ஜீவனாம்சம், பிள்ளைகள் பொறுப்பு முதலியவை உண்மையாகவே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது.

பஞ்சாயத்து திறமையாகச் செய்வதும் இந்தப் பேச்சுவார்த்தையைத்தான். எனவே பத்திரத்தைக் கைவிடச் சொல்வது வீண். அதன் வாசகத்தை மாற்றினால் போதும். 'பாத்தியதை இல்லை' என்ற வரிக்குப் பதிலாக, இன்ன தேதிக்குள் கூட்டு மனு போடுவோம் என்று எழுதலாம். பேசிய தொகையில் பாதியை மனு போடும் நாளிலும் மீதியைத் தீர்ப்பு நாளிலும் தருவதென வைத்தால், தீர்ப்பு வருமுன் மனைவி வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. மீதியைப் பெற அவளும் விடுதலை பெற அவனும் காத்திருப்புக்குப் பின் வரும் இரண்டாம் வாய்தாவுக்கு வந்தே ஆக வேண்டும்.