கார்னகியின் கொடையும் ஹோம்ஸ்டெட் கூலியும்

அளவிறந்த தனிச்செல்வம் அறநெறிக்கு ஒத்ததா என்னும் வினாவுக்குச் செல்வர் தரப்பிலிருந்து எழுந்த விடைகளுள் மிகத் துணிவானது, அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1889-இல் எழுதிய கட்டுரையாகும். திறமையுடையோரிடம் பொருள் குவிவது நாகரிக வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்றும், அவ்வாறு குவிந்த பொருளுக்குச் செல்வர் சமுதாயத்தின் சார்பில் அமைந்த அறங்காவலரே என்றும், அதனை வாழ்நாளிலேயே பொதுநலனுக்கு வழங்காமல் மாள்வது இழுக்கு என்றும் அவர் வாதிட்டார். சொன்னதைச் செய்தும் காட்டியமையால் அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 1901-இல் அவருடைய நிறுவனம் 48 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வாழ்நாளில் ஏறத்தாழ 35 கோடி டாலரை அவர் வழங்கினார். 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் அக்கொடையால் எழுந்தன.

அக்கொடை உளமார்ந்தது என்பதில் ஐயமில்லை. விசைத்தறியின் வரவால் பிழைப்பிழந்த ஸ்காட்லாந்து நெசவாளரின் மகனாகிய அவர், 1848-இல் அமெரிக்காவில் குடியேறிப் பருத்தி ஆலையில் வாரம் 1.20 டாலர் கூலிக்கு உழைத்தவர். உழைக்கும் சிறுவர்களுக்குத் தம் நூல்களை இரவல் தந்த கர்னல் ஆண்டர்சனை இறுதிவரை நன்றியுடன் நினைந்தவர். ஆயினும் பொருள் சென்ற வழியைப் போலவே அது வந்த வழியும் ஆராயப்பட வேண்டும்.

நேர்மையாக ஈட்டப்பட்டு, இரு தரப்பும் மனமொப்பிக் கைமாறிய பொருள் எத்துணைப் பெரிதாயினும் குற்றமற்றது என்பது, மெய்யியலறிஞர் ராபர்ட் நோசிக் 1974-இல் முன்வைத்த உரிமைக் கோட்பாட்டின் சாரம். செல்வர்க்கு மிகவும் சாதகமான இந்த அளவுகோலுக்கே கார்னகியின் செல்வம் முழுதும் ஈடுகொடுக்கவில்லை. உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிப் பொருள்மீது அரசு விதிக்கும் காப்புவரி அவருடைய இலாபத்துக்கு அரணாக நின்றது. 1892-இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பைத் தொழிற்சங்கம் ஏற்க மறுத்தபோது, நிறுவனத் தலைவர் ஹென்றி பிரிக் கதவடைப்புச் செய்து, பிங்கர்ட்டன் என்னும் தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் ஏறத்தாழ 300 பேரை ஆற்றுவழியே வரவழைத்தார். ஜூலை 6 அன்று மொனாங்கஹீலா ஆற்றங்கரையில் மூண்ட மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. பின்னர் மாநிலப் படை வந்திறங்க, சங்கம் முறிந்தது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார் என்பது உண்மையே. சங்கமற்ற ஆலை என்னும் நோக்கத்துக்கு அவர் முன்பே இசைந்திருந்தார் என்பதும் உண்மையே. இவ்வாறு சங்கத்தை முறித்துக் கூலியைக் குறைத்ததை மனமொப்பிய உடன்பாடு என்று கொள்வதற்கில்லை.

சிறுசிறு தொகைகளாகப் பலரிடம் சிதறும் பணம் வீணாகும், ஒரு கையில் திரண்டால் நிலைத்த நன்மை செய்யும் என்பது கார்னகி வாதத்தின் உயிர்நிலை. அது தளர்வதும் இங்கேதான். ஏனெனில் தொழிலாளர் இழந்தது கூலியை மட்டுமன்று, தம் வாழ்வுக்கு எது நன்மை என்று தாமே முடிவு செய்யும் உரிமையையும் ஆகும். 1898-இல் ஹோம்ஸ்டெட் ஆலைக்கு அண்மையில் இசையரங்கமும் நீச்சல்குளமும் கொண்ட அழகிய நூலகம் திறக்கப்பட்டது. நாளுக்கு 12 மணி நேரம் உலைமுன் நின்று, பகல்முறையும் இரவுமுறையும் மாறும் வேளையில் 24 மணி நேரம் தொடர்ந்து உழைத்தவனுக்கு அங்குப் புத்தகம் விரிக்க எஞ்சிய நேரம் மிகச் சிறிது. 8 மணி நேர வேலை கார்னகி அறியாததன்று. பிராடக்கிலிருந்த அவரது ஆலையிலேயே அது நடைமுறையில் இருந்தது. செலவைக் குறைக்க 1888-இல் கைவிடப்பட்டது.

பெருஞ்செல்வர் இறக்கும்போது அரசு அவர் சொத்தில் பெரும்பங்கை வரியாகக் கொள்ள வேண்டும் என்றும் கார்னகி அதே கட்டுரையில் எழுதினார். அச்செல்வத்தின் ஆக்கத்தில் சமுதாயத்துக்கும் பங்குண்டு என்பதை இதனால் அவரே ஏற்றுக்கொண்டார் எனலாம். அப்பங்கு செல்வரின் இறப்புவரை காத்திருக்க வேண்டியதற்கு மட்டும் அவர் தக்க காரணம் காட்டவில்லை. அவருடைய ஆலைகளை வாங்கிய யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் 12 மணி நேர வேலைமுறையை 1923-இல், அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே கைவிட்டது.