தலைப்பு போட்டது யார்? ஒரு வீட்டுக் கணக்கு நோட்டின் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு பணத்தைப் பத்திப் பேசப் போறோம். ஆனா எந்த ஃபண்ட்ல போடலாம், எஸ்ஐபி எவ்வளவு கட்டலாம்னு சொல்லப் போறதில்ல. ஒரு நோட்டுப் புத்தகத்தோட வரலாற்றைச் சொல்லப் போறேன்.

உங்க போன்ல செலவுக் கணக்கு ஆப் ஏதாவது இருந்தா திறந்து பாருங்க. ஃபுட், டிராவல், ஷாப்பிங், என்டர்டெயின்மென்ட்னு வரிசையா இருக்கும். இப்ப சொல்லுங்க, ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்புற பணத்தை எதுல எழுதுவீங்க? தம்பியோட செமஸ்டர் ஃபீஸ்? அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச மொய்? பெரும்பாலும் 'அதர்ஸ்'லதான் போய் விழும். உங்களுக்கு முக்கியமான செலவுக்கு அந்த ஆப்ல பேரே கிடையாது. ஏன்னா, அந்தத் தலைப்புகளை எழுதினவருக்கு உங்க வீட்டைத் தெரியாது.

தலைப்பு யார் போடுறதுங்கிற இந்தக் கேள்விக்குப் பின்னாடி 120 வருஷக் கதை ஒண்ணு இருக்கு. நடந்தது ஜப்பான்ல.

கடைக்காரர் நோட்டும் வீட்டு நோட்டும்

'ககேபோ'ங்கிற வார்த்தையை யூடியூப்ல கேட்டிருப்பீங்க. ஏதோ பழங்கால ஞான ரகசியம் மாதிரி சொல்லுவாங்க. அர்த்தம் ரொம்பச் சாதாரணம்: வீட்டுக் கணக்குப் புத்தகம், அவ்வளவுதான். அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவங்கள்ல முதன்மையானவர் ஹனி மோட்டோகோ.

1873ல, ஜப்பானின் வடக்குப் பகுதியில் இருக்கிற ஹாச்சினோஹேவில் பிறந்தவர். படிக்கிறதுக்காக டோக்கியோ வந்தார். முதல் திருமணம் சீக்கிரமே முறிஞ்சு போச்சு. வீட்டு வேலை செஞ்சு பிழைச்சார். அப்புறம் 'ஹோச்சி ஷிம்புன்' செய்தித்தாள்ல பிழை திருத்துற வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே செய்தியாளர் ஆனார். ஜப்பானின் முதல் பெண் செய்தியாளர்னு இன்னைக்கும் அவரைத்தான் சொல்றாங்க. 1901ல கூட வேலை பார்த்த யோஷிகாசுவை மணந்தார். 1903ல ரெண்டு பேரும் சேர்ந்து குடும்பங்களுக்கான ஒரு இதழைத் தொடங்கினாங்க. மூத்த மகள் பிறந்ததும் அதே வருஷம்தான். அடுத்த வருஷம், 1904ல, அவரோட கணக்குப் புத்தகம் வெளியாச்சு.

அந்தக் காலத்து டோக்கியோவில் மாசச் சம்பளக் குடும்பங்கள் பெருகிக்கிட்டு இருந்தன. கடையில கணக்கு வெச்சு வாங்கிட்டு, மாசக் கடைசியில மொத்தமா கொடுக்கிறது பரவலான வழக்கம். நம்ம ஊர் அண்ணாச்சி கடை நோட்டை நினைச்சுக்கோங்க. அந்த நோட்டு யார் கையில இருக்கு? கடைக்காரர் கையில. நம்ம வீட்டுச் செலவு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும்! ஹனி செஞ்சது, அந்த நோட்டை வீட்டுக்குள்ள கொண்டுவந்ததுதான்.

அவர் முறையில ஒரு முக்கியமான விஷயம் உண்டு. செலவு பண்ணிட்டு எழுதுறது மட்டும் போதாது. முதல்லயே குடும்பம் எதுக்கு எவ்வளவுன்னு தீர்மானிச்சு எழுதணும். அப்புறம் நடந்ததை அதோட ஒப்பிடணும். பட்ஜெட்ங்கிறது அரசாங்கம் மட்டும் போடுறது இல்ல, நாலு பேர் இருக்கிற வீடும் போடலாம்ங்கிறதுதான் அவர் சொன்ன சேதி.

கட்டங்களுக்குள்ள ஒரு கொள்கை

ஹனி தொடங்கின பதிப்பகம் அவர் பேர்லயே அந்தப் புத்தகத்தை இன்னைக்கும் வருஷாவருஷம் வெளியிடுது. அதோட தலைப்புகளைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். சாப்பாட்டுக்கு ஒரே கட்டம் இல்ல. சோறு மாதிரி முதன்மை உணவுக்கு ஒண்ணு. அதோட தொட்டுக்கிற துணை உணவுக்கு ஒண்ணு. உப்பு, எண்ணெய், சாஸ் மாதிரி சுவை சேர்க்கிற பொருளுக்கு ஒண்ணு. கல்விக்குத் தனி, பொழுதுபோக்குக்குத் தனி, மத்தவங்களோட பழகுறதுக்கு ஆகுற செலவுக்குத் தனி.

இதையெல்லாம் விட முக்கியமானது 'பொதுச் செலவு'ங்கிற தலைப்பு. நன்கொடை மாதிரி, வீட்டுக்கு வெளியே, சமூகத்துக்குக் கொடுக்கிற பணம் இதுல வரும். இந்த ஒரு கட்டம் என்ன செய்யுதுன்னு யோசிங்க. தனித் தலைப்பு இல்லாத வீட்டுல நன்கொடைங்கிறது மிச்சம் இருந்தா கொடுக்கிறது. தலைப்பு இருக்கிற வீட்டுல, வருஷ ஆரம்பத்துலயே அதுக்கு நேரா ஒரு தொகை எழுதியாகணும். பூஜ்ஜியம்னு எழுதினாலும், அது தெரிஞ்சே எடுத்த முடிவு. ஹனி கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். நல்ல வீடுகள்தான் நல்ல சமூகத்தை உண்டாக்கும்னு நம்பினவர். அந்த நம்பிக்கை ஒரு கட்டமாவே புத்தகத்துல உட்கார்ந்திருக்கு.

அதே சமயம், அந்தக் காலத்தோட இன்னொரு நம்பிக்கையும் ககேபோவுக்குள்ள புகுந்துச்சு: கணக்கு எழுதுறது இல்லத்தரசியோட கடமை. கணவர் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பார், மனைவி கணக்குப் பார்த்து அவருக்குக் கைச்செலவுக்குத் தருவாங்க. இது பெண்ணுக்கு அதிகாரமா, சுமையா? ரெண்டும்தான். பணம் பத்தாத மாசத்துல பதில் சொல்ல வேண்டியதும் அவங்கதானே.

நோட்டுக்குள்ள அரசாங்கம் வந்த கதை

இப்பதான் கதை திசை மாறுது. 1937ல சீனாவோட முழுப் போர் தொடங்குச்சு. போருக்குப் பணம் வேணும். 1938ல அரசு நாடு தழுவின சேமிப்பு இயக்கத்தை ஆரம்பிச்சது. அலுவலகம், பள்ளிக்கூடம், தெருன்னு எல்லா இடத்துலயும் சேமிப்புச் சங்கங்கள். 1940ல 'ஆடம்பரமே எதிரி'ங்கிற வாசகத்தைத் தெருவெல்லாம் ஒட்டினாங்க. ஹனி மாதிரி பெண் தலைவர்களையும் அந்தப் பிரசாரத்துக்குள்ள அரசு இழுத்துக்கிச்சு. குடும்பம் தனக்காகப் பழகின சிக்கனம் பீரங்கிக்குப் போச்சு. நோட்டுல 'சேமிப்பு'ங்கிற வார்த்தை அதேதான் இருந்துச்சு. ஆனா எவ்வளவு, எதுக்குங்கிறதை வீடு தீர்மானிக்கலை.

அந்தப் பணம் என்ன ஆச்சு? 1945ல போர் தோல்வியில முடிஞ்சதும் விலைவாசி ராக்கெட் மாதிரி ஏறுச்சு. 1946 பிப்ரவரியில அரசு வங்கிக் கணக்குகளை முடக்கி, புது யென் நோட்டு அடிச்சது. குடும்பத் தலைவர் மாசம் 300 யென், மத்த ஒவ்வொருத்தருக்கும் 100 யென், அவ்வளவுதான் எடுக்க முடியும். வருஷக்கணக்கா வாயைக் கட்டி, வயித்தைக் கட்டிச் சேர்த்த பணம் கண்ணெதிரே கரைஞ்சுது.

நோட்டு மட்டும் சாகலை. 1952ல சேமிப்பை வளர்க்க ஒரு மத்தியக் குழு அமைச்சாங்க. அதுவும் ககேபோவைப் பரப்புச்சு. பெண்கள் பத்திரிகைகள் புத்தாண்டு இதழோட இலவச இணைப்பா கொடுத்தன. இந்த முறை சேமிப்பு போருக்கு இல்ல, தொழில் வளர்ச்சிக்கு. 1970களின் நடுவுல ஜப்பானியக் குடும்பங்களோட சேமிப்பு விகிதம் 20 சதவீதத்தைத் தாண்டுச்சு. அதுக்குச் சம்பள உயர்வு, போனஸ், வயசான காலத்தைப் பத்தின பயம்னு பல காரணங்கள் உண்டு. நோட்டு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா பல வீடுகள்ல அந்தப் பழக்கம் நின்னுச்சு.

அப்ப நமக்கு?

ஒரே நோட்டு. 1904ல ஒரு குடும்பத்தோட லட்சியத்துக்கு உதவுச்சு, 1938க்கு அப்புறம் போருக்கு உதவுச்சு, 1952க்கு அப்புறம் தொழிற்சாலைக்கு உதவுச்சு. கூட்டல் கழித்தல் ஒண்ணும் மாறலை. யாரோட நோக்கத்துக்காக எழுதுறோம்ங்கிறதுதான் மாறுச்சு.

அதனால நிதித் திட்டம் போட உட்காரும்போது எக்செல் ஷீட்டைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. உங்க வீட்டோட தலைப்புகளை நீங்களே எழுதுங்க. 'அம்மா அப்பா', 'தங்கச்சி படிப்பு', 'மொய்', 'புத்தகம்', 'ஊருக்குச் செய்றது', எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். ஒவ்வொண்ணுக்கும் நேரா, செலவு ஆகுறதுக்கு முன்னாடியே ஒரு தொகை போடுங்க. 'சேமிப்பு'ன்னு மொட்டையா எழுதாம, எதுக்குன்னு பக்கத்துலயே எழுதுங்க.

இன்னொண்ணு, இதைத் தனியா செய்யாதீங்க. ஹனியோட காலத்துல பேனா ஒருத்தர் கையில மட்டும் இருந்துச்சு. உங்க வீட்டுல சம்பாதிக்கிறவங்க, சமைக்கிறவங்க, படிக்கிறவங்க எல்லாரும் ஒரு தலைப்பாவது எழுதட்டும். சண்டை வரும், வரட்டும். 'அந்தச் செலவு எதுக்கு?'ன்னு மாசக் கடைசியில வர்ற சண்டையை விட, 'நமக்கு எது முக்கியம்?'னு மாச ஆரம்பத்துல வர்ற சண்டை எவ்வளவோ மேல்.

உங்க நோட்டுல நீங்க எழுதப் போற முதல் தலைப்பு என்னன்னு யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.