காற்றில் இருந்த மொழி கைக்கு வந்த கதை

பார்வையும் செவிப்புலனும் சேர்ந்தே இல்லாதவர்களோடு எப்படிப் பேசுவது? சைகை மொழி தெரிந்தவர் கைமேல் அவர்கள் கையை வைத்தால் போதும் என்று தோன்றும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. அங்கே பலருக்கு அஷர் சிண்ட்ரோம். பிறவியிலேயே காது கேட்காது, பார்வை பிறகு மெல்ல மங்கும். கண்ணால் கற்ற அமெரிக்க சைகை மொழியையே கையால் தொட்டுப் படித்தார்கள்.

இதுல சிக்கல் என்னன்னா, அந்த மொழியின் இலக்கணம் முகத்திலும் இருக்கிறது. புருவம் உயர்ந்தால் கேள்வி, தலை அசைந்தால் மறுப்பு. கைக்கு இதெல்லாம் எட்டாது. எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா, கவனிக்கிறாரா என்பதும் தெரியாது. நம்ம பாஷையில் சொன்னால், ஏசிகே வராமலே பாக்கெட் அனுப்புற கதை. அதனால் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் சொன்னதுதான் உலகம்.

2007 வாக்கில் ஜெலிகா நூச்சியோ, ஏஜே கிராண்டா என்ற இருவர் நேரடியாகப் பேச வழி தேடினார்கள். இருவருமே பார்வையும் செவிப்புலனும் இழந்தவர்கள். கேட்பவர் கை பேசுபவரின் தொடைமேல் வந்தது. தட்டினால் ‘புரியுது’, விரல்கள் குறுகுறுவென ஓடினால் சிரிப்பு. காற்றில் வரைந்த வழி, கேட்பவரின் உள்ளங்கையில் வரையப்பட்டது. இதற்குப் பெயர் புரோடாக்டைல்.

யோசிச்சுப் பாருங்க. பழைய முறையில் பார்வையுள்ளவர் மொழியை இவர்கள் சிரமப்பட்டுப் பின்தொடர்ந்தார்கள். இந்த மொழியைக் கற்க வரும் பார்வையுள்ளவருக்கோ கண்ணால் பெரிய உதவி இல்லை. தொட்டுத்தான் பழக வேண்டும். கற்றுத்தருபவர்களும் இவர்கள்தான்.