வாஷிங்டன் என்றொரு பட்டி

வாஷிங்டன் சுந்தர் என்ற பதினெட்டு வயது இளைஞர் 2017 இறுதியில் இந்திய கிரிக்கெட் அணிக்குள் வந்தபோது, 'அமெரிக்காவில் பிறந்தவரோ?' என்று கேட்காதவர் குறைவு. பிறந்தது சென்னையில். தாய்மொழி தமிழ். பெயர் மட்டும் நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கிறது. சொற்களை நேசிக்கும் நாம் அதைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம்.

ஈற்றிலிருந்து பிரிப்பதே எளிது. 'டன்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'டூன்'; அதன் முதற்பொருள் வேலி. அதே வேரில் கிளைத்த செருமானியச் சொல் இன்றும் வேலியையே சுட்டுகிறது. டச்சு மொழியில் அது தோட்டமாகிவிட்டது. ஆங்கிலத்திலோ வேலி, வேலி சூழ்ந்த அடைப்பு, அடைப்புக்குள் இருந்த பண்ணை, பண்ணையை ஒட்டி எழுந்த குடியிருப்பு எனப் படிப்படியாக வளர்ந்து, நாமும் நாள்தோறும் சொல்லும் 'டவுன்' ஆயிற்று. ஆடுமாடு அடைக்கும் பட்டி, அவற்றை மேய்த்தவர்களின் ஊராகி, கோவில்பட்டி, உசிலம்பட்டி என நிலைத்ததை அறிந்த தமிழருக்கு இந்தப் பொருள் வளர்ச்சி வியப்பளிக்காது. நடுவிலுள்ள 'இங்' கிளையினரைக் குறிக்கும். முன்னே நிற்பது வாஸா என்றோ ஹ்வாஸா என்றோ வழங்கிய ஓர் ஆளின் பெயர் என்பர். கூட்டினால், வாஸா கிளையார் பட்டி! இங்கிலாந்தின் வடகிழக்கில் பழைய டர்ஹம் வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது அந்த ஊர்.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே நிலம் பெற்ற ஒரு குடும்பம், தன் பழைய பெயரை விட்டு ஊர்ப்பெயரையே குடிப்பெயராகக் கொண்டது. அதன் வழித்தோன்றல் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வர்ஜீனியாவில் குடியேற, அவர் மரபில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் வந்தார். அவர் பெயரால் தலைநகரம் எழுந்தது. ஊர் குடியாகி, குடி மறுபடியும் ஊரான கதை இது. அதற்குப் பிறகு நம்மவர் தமக்கே உரிய துணிச்சலோடு உள்ளே வருகிறார்கள்: நெல்சன், லிங்கன், ஸ்டாலின் எனப் பிற நாட்டாரின் குடிப்பெயரையும் புனைபெயரையும் பிள்ளைக்கு இயற்பெயராகவே சூட்டிவிடுவது தமிழகத்துக்குப் பழகிய வழக்கம்.

ஆனால் சுந்தர் வீட்டில் அந்தப் பெயர் நுழைந்தது தலைவர் வழியாக அன்று, திருவல்லிக்கேணி வழியாக. அல்லி பூத்த கேணியால் பெயர்பெற்ற அந்த ஊரை வெள்ளையர் 'டிரிப்ளிகேன்' என்று சுருக்கியதை எண்ணினால், பெயர்களின் கொடுக்கல் வாங்கல் அங்கே இருபுறமும் நடந்திருக்கிறது. தந்தையார் சுந்தர் சொல்லியிருக்கும் செய்தி இது: இளமையில் கிரிக்கெட் ஆடிய தமக்கு, இரண்டு தெரு தள்ளி வாழ்ந்த வாஷிங்டன் என்ற முன்னாள் படைவீரர் பள்ளிக் கட்டணம் கட்டினார், சீருடையும் புத்தகமும் வாங்கித் தந்தார், மிதிவண்டியில் ஏற்றி ஆடுகளத்துக்கு அழைத்துப் போனார். அவர் மறைந்தது 1999இல். அதே ஆண்டு அக்டோபர் 5இல் மகன் பிறந்தான். மரபுப்படி குழந்தையின் காதில் ஓதிய பெயர் சீனிவாசன்; ஊரறிய வழங்கிய பெயர் வாஷிங்டன்.

நம் ஒலிமரபு இந்தப் பெயரை எளிதில் ஏற்காது. ஷகரத்தைச் சகரமாக்கலாம், ஆனால் ஙகர மெய்யை அடுத்து, 'அங்ஙனம்' போன்ற சிறுபான்மை நீங்கலாக, தன் இனமான ககரமே மயங்கும், டகரம் வந்து நிற்க இடமில்லை. இடையே ஒரு ககரம் பெய்து ஒலியைச் சீர்செய்தால் கிடைப்பது 'வாசிங்கடன்'. நன்றிக்கடனாக வைத்த பெயரில் இலக்கணம் தானாகக் கடனைக் கொண்டுவந்து சேர்ப்பதை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

உடன் ஆடுவோர்க்கு அவர் 'வாஷி'. தமிழ்ச் செவிக்கு அது வாசி. நூலையும் குழலையும் வாசிக்கிறோம்; சித்தர்க்கு வாசி மூச்சு; சென்னைவாசி என்பதில் உள்ளதோ வசித்தலைக் குறிக்கும் வடசொல். நமக்கு இங்கே வேண்டியது கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என்பவற்றில் பங்கு என்னும் பொருளில் நிற்கும் வாசி. இலங்கைத் தமிழர் சகலதுறை வீரர் என்றும் நாம் ஆல்ரவுண்டர் என்றும் அழைக்கும் ஆட்டக்காரரைத் தேர்வாளர்கள் பெரும்பாலும் அரைவாசிகளின் கூட்டாகவே பார்க்கிறார்கள்: அரைவாசி மட்டையாளர், அரைவாசி பந்துவீச்சாளர். 2021 சனவரியில் பிரிஸ்பேனில், மூத்தவர்கள் காயமுற்றதால் கிடைத்த முதல் டெஸ்டின் முதல் இன்னிங்சிலேயே மூன்று விக்கெட்டுகளும் 62 ஓட்டங்களும் எடுத்தவர், 2024 அக்டோபரில் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்சில் 59 ஓட்டங்களுக்கு ஏழு பேரையும், அடுத்ததில் நால்வரையும் வீழ்த்தினார். இந்தியா தோற்ற ஆட்டம்தான். இருந்தாலும் அன்று அவரை முழுவாசி என்றே சொல்லியிருக்கலாம்.

பெயருக்கும் ஆளுக்கும் இடையே இன்னொரு வேடிக்கை. 2021 சூலையில், இந்திய அணியின் இங்கிலாந்துப் பயணத்தின்போது, அவர் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் ஆடினார். அது டர்ஹத்தில், வாஸா கிளையார் பட்டிக்குச் சில கல் தொலைவிலேயே உள்ள ஊர். பயிற்சி ஆட்டத்தில் எதிரணிக்கு ஆள் குறைய, இங்கிலாந்து மாவட்ட அணியின் பக்கம் நின்று இந்தியாவையே எதிர்த்தார்! விரலில் அடிபட்டு அந்தப் பயணமும் அத்தோடு முடிந்தது.

'சுந்தர்' பகுதிக்கு வருவோம். சுந்தரம் வடசொல், மதுரையில் சொக்கர், அழகர்மலையில் அழகர் என்று தமிழ் தன் சொல்லால் அதே பொருளைப் போற்றும். பெயரின் பின்பாதி குடிப்பெயர் என்றே வெளிநாட்டு வருணனையாளர்கள் கொள்வதால், 2025 சூலையில் மான்செஸ்டரில் அவர் ஆட்டமிழக்காமல் 101 ஓட்டங்கள் எடுத்து, ஜடேஜாவோடு சேர்ந்து தோல்வியைத் தடுத்தபோது அவர்கள் வாயில் புழங்கியது சுந்தர் என்ற பெயர். நம் வழக்கில் எழுதினால் சு. வாஷிங்டன், அவர்கள் சொன்னது ரஞ்சி அணியின் வாசல்வரை வந்தும் உள்ளே போகாத தந்தையின் பெயர். இரண்டாவது மகன் பிறந்தால் வாஷிங்டன் ஜூனியர் என்று வைக்கவும் அந்தத் தந்தை எண்ணியிருந்தாராம். அப்படியொருவர் பிறந்து அவரும் ஆடியிருந்தால், சுந்தர் என்றாலும் இருவர், வாஷிங்டன் என்றாலும் இருவர். வருணனையாளர் சீனிவாசனைத்தான் தேடிப் போயிருக்க வேண்டும்.