போர்ட்டேஜ் அட்டைப் பெட்டி பிறந்த கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் சோளக்காடும் பால் பண்ணையும். குளிர்காலம் வந்தால் சாலையெல்லாம் பனி. பல பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து நடத்திய கூட்டுக் கல்வி அமைப்பு ஒன்று இந்த ஊரிலிருந்து இயங்கியது. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்கு முன்பே பயிற்சி தரும் முயற்சிகளுக்கு நிதி ஒதுக்கி 1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அந்த நிதியில் ஒரு பங்கு 1969இல் போர்ட்டேஜுக்கு வந்தது.

பணம் வந்துவிட்டது, குழந்தைகளை எங்கே கூட்டிவந்து சேர்ப்பது? அந்த அமைப்பின் கீழ் இருந்தவை 23 பள்ளி மாவட்டங்கள். பரப்பு 3,600 சதுர மைல், அதாவது இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழந்தைகள். ஒன்றுக்கு நடை வரவில்லை, இன்னொன்றுக்குப் பேச்சு வரவில்லை, மற்றொன்றுக்கு எல்லாமே தாமதம். வயதும் வேறு வேறு. மூன்று வயதுக் குழந்தையைத் தினமும் மணிக்கணக்கில் வேனில் உட்காரவைத்துக் கூட்டிவர யாருக்கும் மனம் வராது. வகுப்பறை என்ற யோசனையையே கைவிட்டார்கள். குழந்தை வர முடியாதென்றால் ஆசிரியர் போகட்டும் என்று முடிவானது.

ஆனால் அந்தத் தூரங்களைக் கடந்து ஓர் ஆசிரியரால் ஏறக்குறைய 15 வீடுகளைத்தான் பார்க்க முடிந்தது. ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். கோப்பையை இரண்டு கையால் பிடித்துக் குடிக்கக்கூட அந்த நேரத்தில் ஒரு குழந்தைக்குப் பழக்க முடியாது. வாரத்தின் மீதி நேரம் முழுவதும் குழந்தை அம்மாவிடம் இருக்கிறது, அப்பாவிடம் இருக்கிறது, பாட்டியிடம் இருக்கிறது. ஆகவே கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆசிரியரின் வேலை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது. பெற்றோரை ஆசிரியராக்கும் இந்தத் திட்டம் போர்ட்டேஜில் பிறக்க முதல் காரணம் தூரம். கோட்பாடு அதற்குத் துணை நின்றது.

கூடவே இருப்பவர்களைக் கொண்டே ஒருவரின் நடத்தையை மாற்றலாம் என்ற அந்தக் கோட்பாடும் அப்போது புதிதுதான். 1959இல் கனடாவின் வேபர்ன் நகரத்து மனநல மருத்துவமனையில் டியோடோரோ அய்லான், ஜாக் மைக்கேல் என்ற இருவர், வார்டு செவிலியர்களைக் கொண்டே நோயாளிகளின் நடத்தையை மாற்ற முடியும் என்று காட்டினார்கள். எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கவனியாமல் விட வேண்டும் என்று செவிலியருக்குச் சொல்லித்தந்ததுதான் அங்கே மருந்து.

1964இல் வெளிவந்த இன்னொரு கட்டுரை என்னை இன்றும் நெகிழவைக்கிறது. மோன்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் மூவரும் எழுதியது. டிக்கி என்று அவர்கள் அழைக்கும் மூன்றரை வயதுச் சிறுவனுக்கு ஆட்டிசம். கண்புரை அறுவையில் விழி லென்ஸை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும். அவனோ கண்ணாடியை முகத்தருகே கொண்டுவர விடவில்லை. லென்ஸ் இல்லாத வெறும் சட்டத்தில் தொடங்கினார்கள். அதைத் தொட்டால் ஒரு வாய் உணவு, கையில் பிடித்தால் ஒரு வாய், கண்ணுக்கு அருகே கொண்டுபோனால் ஒரு வாய். படிப்படியாக அவன் ஒரு நாளில் 12 மணி நேரம் கண்ணாடி அணியும் நிலைக்கு வந்தான். மருத்துவமனையில் வார்டு உதவியாளர்கள் செய்ததை, அவன் வீடு திரும்புமுன் பெற்றோருக்கும் பழக்கினார்கள். வீட்டுக்குப் போய் ஆறு மாதம் கழிந்தும் அவன் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளையின் பார்வையைக் காத்ததில் பெற்றோருக்குப் பெரிய பங்கு உண்டு.

போர்ட்டேஜ்காரர்கள் இந்த அறிவை மருத்துவமனையிலிருந்து பண்ணை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் டேவிட் ஷியரர், மார்ஷா ஷியரர் இருவரும் 1972இல் எழுதிய கட்டுரையில் அந்த ஒன்றரை மணி நேரம் எப்படிச் செலவானது என்பது விளக்கமாக இருக்கிறது. ஆசிரியர் வந்ததும் முதல் வேலை, போன வாரம் கொடுத்த பாடத்தைக் குழந்தை செய்கிறதா என்று பார்ப்பது. பிறகு புதுப் பாடம். அதைக் குழந்தையால் இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது என்று முதலில் கணித்துக் குறித்துக்கொள்வார். அடுத்து அவரே குழந்தையை உட்காரவைத்துச் செய்துகாட்டுவார், அம்மா பார்ப்பார். அதற்குப் பிறகு இடம் மாறும். அம்மா செய்வார், ஆசிரியர் பார்ப்பார், அங்கேயே திருத்துவார். கிளம்பும்போது ஒரு வாரத் தாளை விட்டுப்போவார்: என்ன பாடம், எப்படிச் செய்வது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, குழந்தை சரியாகச் செய்தால் எப்படிப் பாராட்டுவது. அம்மா தினமும் அதில் குறி போட்டுவைக்க வேண்டும்.

பாடம் எப்போதும் ஒரு வாரத்தில் முடியக்கூடிய அளவுக்குத்தான் இருக்கும். காலுறையைக் கழற்றப் பழக்குவதென்றால் முழுக் காலுறையிலிருந்து தொடங்குவதில்லை. அம்மாவே விரல் நுனிவரை இழுத்துவிடுவார். கடைசி இழுப்பு மட்டும் குழந்தைக்கு. அடுத்த வாரம் பாதத்தின் நடுவிலிருந்து, அதற்கடுத்து குதிகாலிலிருந்து. குழந்தை ஒவ்வொரு முறையும் வேலையை முடித்துவைக்கிறது. பல மாதங்களாகப் பிள்ளையிடம் மாற்றம் எதையும் காணாத ஒரு தாய்க்கு, ஏழே நாளில் கண்முன் ஒன்று நடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தாய்மார்களோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

வாரக் கடைசியில் குழந்தை செய்யவில்லையென்றால் பழி யாருக்கு? போர்ட்டேஜ் முறையில் அது அம்மாவுக்கும் இல்லை, குழந்தைக்கும் இல்லை. பாடம் பெரிதாகிவிட்டது, இன்னும் சின்னதாக்க வேண்டும் என்று ஆசிரியர் எடுத்துக்கொள்வார். இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

வீடுவீடாகப் போகும் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் பாடத்தைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது. அந்தத் தேவையிலிருந்து வந்ததுதான் அட்டைப் பெட்டி. பிறப்பு முதல் ஆறு வயதுவரை குழந்தைகள் வழக்கமாகக் கற்கும் திறன்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல்; அதில் உள்ள ஒவ்வொரு திறனுக்கும் ஓர் அட்டை; அதை எப்படிக் கற்பிக்கலாம் என்பதற்கான யோசனைகள் அந்த அட்டையில். சூசன் புளூமா, மார்ஷா ஷியரர், ஆல்மா ஃப்ரோமன், ஜீன் ஹில்லியர்ட் நால்வரும் 1976இல் வெளியிட்ட திருத்திய பதிப்பில் 580 திறன்கள். வீட்டு ஆசிரியர்களில் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள், அந்தப் படிப்பே இல்லாதவர்களும் இருந்தார்கள். பெட்டி இருவருக்கும் பொது. வாரந்தோறும் எல்லோரும் கூடி, எந்த வீட்டில் எது நகரவில்லை என்று பேசித் தீர்த்தார்கள்.

முதல் ஆண்டுகளில் 75 குழந்தைகள். எட்டு மாதத்தில் சராசரியாக 13 மாத வளர்ச்சி கண்டதாக ஷியரர்கள் எழுதினார்கள். இந்த ஆய்வுகளின் உறுதியைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், அது நியாயமே. எனக்கு அதே கட்டுரையின் வேறோர் எண் முக்கியம். கொடுத்த பாடங்களில் 91 சதவீதம் குழந்தைகளுக்குக் கைவந்தது. பாடம் எவ்வளவு கவனமாகச் சின்னதாக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பெட்டி பயணப்படத் தொடங்கியது. 1975இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மருத்துவர் மேரிகோல்ட் தோர்பர்ன், அதிகம் படிக்காத பெண்களுக்குப் பயிற்சி தந்து வீடுகளுக்கு அனுப்பினார். 1976இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் பகுதியில் தொடங்கியது. 1983இல் அங்கே தேசிய சங்கமே உருவானது. இந்தியாவில் 1980களில் சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் தேகல் கோலி இதை அங்கன்வாடிப் பணியாளர்களிடம் கொண்டுபோனார். சென்னையில் மதுரம் நாராயணன் மையம் அதே பாதையில் தனக்கென்று ‘உபநயன்’ என்ற திட்டத்தை உருவாக்கிக்கொண்டது. இரண்டு வயதுவரை ஐந்து துறைகளில் 250 திறன்கள்; அங்கேயும் குழந்தையோடு அம்மாவும் கற்றாக வேண்டும்.

பயணத்தில் உரசல்களும் இருந்தன. விஸ்கான்சின் குழந்தை எதை, எந்த வயதில் செய்கிறது என்பது வேறு நாட்டுக் குழந்தைக்கு அளவுகோல் ஆகாது. கையால் பிசைந்து சாப்பிடும் வீட்டில் முள்கரண்டிப் பாடத்துக்கு வேலையில்லை. போன இடமெல்லாம் அட்டைகளைத் திருத்தத்தான் வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய குறை, எல்லாச் சுமையும் அம்மாவின் தலையில் இறங்கியது. பால் கறந்து, சமைத்து, மற்ற பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு குறி போடும் தாளையும் நிரப்பு என்பது சில வீடுகளில் கொடுமை. அப்பாவும் வீட்டிலுள்ள மற்றவர்களும் கற்காத இடத்தில் இந்த முறை பாதிதான் வேலை செய்யும்.

ஆனாலும் குடும்பத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. உளவியலாளர் ஐவர் லோவாஸும் சகாக்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைச் சிகிச்சைக்குப் பின் காப்பகத்துக்குத் திரும்பிய ஆட்டிசக் குழந்தைகள் கற்றதை இழந்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் போனவர்கள் இழக்கவில்லை, மேலும் கற்றார்கள்.

பயிற்சி என்றால் எது என்பதற்கும் அக்காலத்திலேயே விடை கிடைத்தது. 1972இல் ஜேம்ஸ் கார்ட்னர், காப்பக உதவியாளர்களில் ஒரு பிரிவினருக்கு விரிவுரை வழியாகவும் இன்னொரு பிரிவினருக்கு நடித்துப் பழகும் முறையிலும் நடத்தைப் பயிற்சியைக் கற்பித்தார். விரிவுரை கேட்டவர்களுக்கு விஷயம் தெரிந்தது. நடித்துப் பழகியவர்களுக்குச் செய்யத் தெரிந்தது. சொல்வது, செய்துகாட்டுவது, செய்யவைப்பது, திருத்துவது என்ற நான்கும் சேர்ந்தால்தான் பயிற்சி என்று இத்துறை இன்று ஒப்புக்கொள்கிறது. போர்ட்டேஜ் வீட்டு ஆசிரியர் சமையலறை மேசையில் செய்துகொண்டிருந்ததும் இதுவே. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பராமரிப்பாளர் பயிற்சியிலும் ஒன்பது கூட்டு அமர்வுகளோடு மூன்று முறை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் சேர்ந்திருக்கிறது.

இங்கே நம் ஊர்களில் ‘பெற்றோர் பயிற்சி’ என்ற பெயரில் நடப்பவற்றில் பல, ஒரு மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்து ஒரு நாள் முழுதும் பேசிச் சான்றிதழ் கொடுப்பதோடு முடிந்துவிடுகின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் சிறப்புப் பள்ளி உதவியாளருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. அவர்கள் தவறு செய்தால் மட்டும் கோபப்படுகிறோம்.

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையை வளர்ப்பவராக நீங்கள் இருந்தால், அடுத்த முறை உங்களைப் பயிற்சிக்கு அழைப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: “நான் என் பிள்ளையோடு செய்வேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவீர்களா?” மாட்டேன் என்றால், செய்பவரைத் தேடுங்கள். பள்ளியோ மையமோ நடத்துபவராக இருந்தால், உங்கள் பணியாளர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.