பத்தூர் நடராசர்

பத்தூர் நடராசர் என்பது அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த பத்தூர் விசுவநாதசுவாமி கோயிலுக்குரிய, 12ஆம் நூற்றாண்டுச் சோழர் காலச் செப்புத்திருமேனி. களவுபோன சிலையை வெளிநாட்டு நீதிமன்றத்தில் வழக்காடி மீட்டதற்கு இது முன்னோடியாகும்.

பாழடைந்த கோயிலருகே 1976இல் மண் தோண்டிய தொழிலாளி ஒருவருக்கு இது கிடைத்தது. கைமாறி, கடத்தப்பட்ட சிலையைக் கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் நிறுவனம் 1982இல் லண்டனில் 2.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பராமரிப்புக்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது.

சிலையைத் திருப்பித் தரக் கோரி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. இந்திய அரசு, தமிழ்நாடு அரசு ஆகியவற்றுடன் கோயிலும் உரிமை கோரியது. சிலையில் ஒட்டியிருந்த மண், கரையான் தடங்கள், அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளின் கலைப்பாணி ஆகியவை சான்றுகளாயின. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியமளித்தார்.

சிலையின் உரிமையாளர் கோயிலே. இந்தியச் சட்டப்படி சட்ட ஆளுமை கொண்ட இடிந்த கோயிலும் இங்கிலாந்தில் வழக்காடலாம் என 1988இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றன. அதே ஆண்டு சிலை தமிழகம் திரும்பியது.